ஏஐ தமிழில் எங்கே தடுமாறுகிறது, அதனிடம் எப்படிக் கேட்பது

கேள்வி இதுதான்: "சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியானவற்றிடம் ஆங்கிலத்தில் கேட்டால் நல்ல பதில் வருகிறது. தமிழில் கேட்டால் சொதப்புகிறது. எழுத்தை எண்ணச் சொன்னால் தப்பாக எண்ணுகிறது, இல்லாத குறளைச் சொல்கிறது. தமிழ் கம்ப்யூட்டருக்குக் கஷ்டமான மொழி என்று சிலர் சொல்கிறார்கள். யுனிகோடில் தமிழுக்கு அநியாயம் நடந்துவிட்டது, அதனால்தான் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? பேசாமல் ஆங்கிலத்திலேயே கேட்டுவிடலாமா?"

இரண்டு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே பழைய கணக்கைப் பேசுகிறார்கள். தமிழில் ஏஐ தடுமாறுவதற்குப் பின்னால் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எழுத்துகளை அது துண்டு போடும் விதம். இது கடந்த சில ஆண்டுகளில் பெருமளவு சரியாகிவிட்டது. மற்றது, அது படித்து வளர்ந்த தமிழ். இது சரியாகவில்லை. எந்தத் தவறு எதிலிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால், எதைத் தமிழில் கேட்கலாம், எதை நம்பக்கூடாது என்பதும் பிடிபட்டுவிடும்.

எழுத்திலிருந்து தொடங்குவோம். "தமிழ்" என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடுக்கு, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் எண் தரும் பொது முறைக்கு, ஐந்து குறியீடு: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல் உயிர், அகரமேறிய மெய், துணைக்குறிகள் என்று மட்டும் இடம் தந்த ஏற்பாடு, 1991-இல் வந்த முதல் யுனிகோட் பதிப்பிலிருந்தே இருக்கிறது. இந்தியாவின் 'இஸ்கி' குறியீட்டு முறையை ஒட்டி எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் வார்த்தது அது. இந்த ஐந்து குறியீடுகளையும் கோப்பில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகிறது. பைட் என்பது கம்ப்யூட்டர் சேமிப்பின் சிறு அலகு, 0 முதல் 255 வரை ஓர் எண். ஆக மொத்தம் 15 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்.

அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். 'க' என்றால் 224, 174, 149. புள்ளி என்றால் 224, 175, 141. எக்செலில் தமிழ் சிஎஸ்வி கோப்பைத் திறந்ததும் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'-யும் வட்டத்துக்குள் 'ஆர்'-உம் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்த 224-உம் 174-உம்தான். எக்செல் அவற்றை ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டது. கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறக்காமல், 'டேட்டா' பட்டியலில் 'ஃபிரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக எடுத்து, 'ஃபைல் ஆரிஜின்' இடத்தில் 65001 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும். ஏஐயிடம் கோப்பைக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். குப்பையைக் கொடுத்தாலும் அது "புரிந்தது" என்றுதான் ஆரம்பிக்கும்.

இனி டோக்கன். ரேஷன் கடை டோக்கன் இல்லை. ஏஐ வாசிக்கும் துண்டுக்கு அந்தப் பெயர். ஏஐ எழுத்து எழுத்தாகவும் படிப்பதில்லை, சொல் சொல்லாகவும் படிப்பதில்லை. முன்கூட்டியே தயாரித்த ஒரு துண்டு அகராதி அதனிடம் இருக்கும். அந்த அகராதியைத் தயாரிக்கும் முறை 1994-இல் கோப்புகளைச் சுருக்குவதற்காக பிலிப் கேஜ் எழுதிய உத்தியிலிருந்து வந்தது. 256 பைட்களோடு தொடங்கு. குவித்து வைத்த பனுவலில் எந்த இரண்டு துண்டுகள் அதிகம் அடுத்தடுத்து வருகின்றனவோ அவற்றை ஒட்டி ஒரே துண்டாக்கு. மறுபடி எண்ணு, மறுபடி ஒட்டு. அகராதி நிறையும் வரை இதையே செய். இப்படிச் செய்யும்போது யாருடைய பனுவல் அதிகமோ அவர்களுடைய சொற்கள் சீக்கிரம் முழுத் துண்டாகின்றன. குவியலில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால் ஆங்கிலச் சொற்கள் முதலிலேயே உருப்பெற்றுவிடும். தமிழின் முறை வருவதற்குள் அகராதி நிறைந்துவிடும். மிஞ்சிய தமிழ்ச் சொல் எழுத்தாகவும், சில இடங்களில் எழுத்தைவிடச் சிறிய பைட்டாகவும் உடைந்து போகும்.

இதன் விளைவை, சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே எண்களில் காட்டியது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது, ஒரே அறிமுக வாக்கியத்தைப் பல மொழிகளில் வைத்து, பழைய அகராதியிலும் புதிய அகராதியிலும் எத்தனை டோக்கன் ஆகிறது என்று ஒப்பிட்டது. தமிழில் முன்பு 116, இப்போது 35. ஆங்கிலத்தில் முன்பு 27, இப்போது 24. அதாவது பழைய கணக்கில் தமிழர் ஆங்கிலக்காரரைப்போல நாலே கால் மடங்கு செலவழித்தார். புதிய கணக்கில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அகராதியின் அளவை ஒரு லட்சம் துண்டிலிருந்து இரண்டு லட்சமாகப் பெருக்கியதும், அதில் ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு இடம் ஒதுக்கியதும்தான் காரணம்.

டோக்கன் என்பது வெறும் கட்டணக் கணக்கு என்று நினைத்துவிடக்கூடாது. ஏஐ ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவும் டோக்கனில்தான். 2023 மார்ச்சில் வந்த ஜிபிடி-4-இன் ஆரம்ப அளவு 8,192 டோக்கன். மேலே சொன்ன விகிதத்தை வைத்துப் பார்த்தால், அது தமிழில் ஆங்கிலத்தின் 1,900 டோக்கன் அளவுக்குத்தான் வேலை செய்திருக்கும். உரையாடல் கொஞ்சம் நீண்டதும் முதலில் சொன்னதை அது மறந்ததற்கும், பதில் பாதியில் அறுந்ததற்கும், "லிமிட் முடிந்தது" என்று சீக்கிரமே வந்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம். எஸ்எம்எஸ் காலத்திலும் இதே கதைதான் நடந்தது: 140 பைட்டுக்குள் ஆங்கிலத்தில் 160 எழுத்து அடக்கலாம், தமிழில் 70 குறியீடு. அது நம் கணக்கில் நாற்பது சொச்சம் எழுத்துதான் வரும்.

இலவசமாகக் கிடைக்கும் மாடல்களை (ஏஐயின் மூளையாக இருக்கும் மென்பொருளை) எடுத்து நீங்களே ஓட்டுவதாக இருந்தால் இந்தச் சிக்கல் எல்லாவற்றிலும் போய்விடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். மெட்டா நிறுவனம் வெளியிட்ட லாமா-2-இன் அகராதி வெறும் 32,000 துண்டு. அதில் தமிழுக்குக் கிடைத்தது சொற்பம். 2023 நவம்பரில் வந்த 'தமிழ்-லாமா' முயற்சி செய்த முதல் வேலையே அதில் 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்து 48,000 ஆக்கியதுதான். மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் துண்டாக்கியில் (டோக்கனைசர்) உங்கள் தமிழில் நூறு சொல்லைப் போட்டுப் பாருங்கள். சொல்லுக்கு இரண்டு மூன்று டோக்கன் என்றால் ஓட்டலாம். ஏழெட்டு என்றால் அந்த மாடலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

யுனிகோட் அநியாயம் என்ற வாதத்துக்கு இப்போது வருவோம். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 முறையை, யுனிகோடோடு சேர்த்து, யுனிகோட் வேலை செய்யாத இடங்களுக்கான மாற்றாகத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. அந்த முறையில் "தமிழ்" மூன்று குறியீடு, யூடிஎஃப்-8-இல் 9 பைட். 15-க்கு 9, லாபம்தான். ஆனால் ஒட்டி ஒட்டித் துண்டு செய்யும் முறையில், போதுமான தமிழ்ப் பனுவல் உள்ளே போனால் "தமிழ்" என்ற 15 பைட்டும் ஒரே துண்டாகிவிடும். போகாவிட்டால் 9 பைட்டும் உடைந்துதான் கிடக்கும். சீன எழுத்தும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்தான். அந்த மொழிக்காகத் தயாரித்த மாடல்களுக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. அச்சு, மின்னூல் வேலைகளில் டேஸ்-16 பக்கம் நியாயம் இருக்கலாம். ஏஐ தடுமாறுவதற்கு யுனிகோடைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

யுனிகோடால் வரும் உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே தோற்றம், வெவ்வேறு குறியீடு. 'கொ' என்பதை 'க' கூட்டல் ஒற்றை ஒகரக் குறி என்றும் எழுதலாம். 'க', ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காமல் போகும். இதற்கு என்எஃப்சி என்ற சீராக்கம் இருக்கிறது, எந்த நிரல்மொழியிலும் ஒரு வரி வேலை. 'ஔ' விஷயத்தில் அதுவும் உதவாது. பலர் 'ஒ'-வையும் 'ள'-வையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்று எழுதிவிடுகிறார்கள். 'கெளரவம்' என்பதிலும் ஒற்றைக்கொம்புக்குப் பிறகு இருப்பது ளகரம்தான், ஔகாரக் குறி இல்லை. 'ஶ்ரீ'-க்கு இரண்டு எழுத்துக்கோவை புழக்கத்தில் இருக்கிறது. காலை 'ர' என்றும், 'ர'-வைக் கால் என்றும் தட்டியிருப்பதற்குக் கணக்கே இல்லை. இத்தனையும் இணையத்தில் கிடக்கிறது, அத்தனையையும் ஏஐ படித்திருக்கிறது.

எழுத்து எண்ணும் சிக்கலுக்கு விடை இப்போது புரிந்திருக்கும். "அம்மா" என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் மூன்று என்பதற்குப் பதிலாக ஐந்து என்று வருவது உண்டு. அ, ம, புள்ளி, ம, கால் என்று குறியீடுகள் ஐந்து; பைத்தான் நிரல்மொழியில் நீளம் அளக்கும் 'லென்' போட்டாலும் ஐந்துதான் வரும். ஏஐயோ அந்த ஐந்தைக்கூடப் பார்ப்பதில்லை, ஒன்றிரண்டு துண்டைப் பார்க்கிறது. எண்ண வேண்டுமென்றால் நேரடியாகக் கேட்காமல், நிரல் எழுதி ஓட்டச் சொல்லுங்கள்: யுனிகோட் வகைப்பெயர் 'எம்' என்று தொடங்கும் குறியீடுகளை (துணைக்குறிகள், புள்ளி) விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணு என்று. "அம்மா" மூன்று, "வணக்கம்" ஐந்து என்று சரியாக வரும். 'க்ஷ' மட்டும் இரண்டாக எண்ணப்படும், அதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

இதே காரணத்தால்தான் வெண்பா எழுதச் சொன்னால் பெரும்பாலும் தளை தட்டுகிறது. நேரசையா நிரையசையா என்று தெரிய ஒவ்வோர் எழுத்தும் குறிலா நெடிலா ஒற்றா என்று தெரிய வேண்டும். துண்டுகளாகப் பார்ப்பவனுக்கு அது கண்ணில் படுவதில்லை. ஈற்றடி முச்சீர் என்பதை மட்டும் எப்படியோ பிடித்துக்கொள்கிறது. யாப்பைச் சரிபார்க்க 'அவலோகிதம்' என்ற மென்பொருள் இருக்கிறது. ஏஐ தந்த வெண்பாவை அதில் போட்டால் எங்கே தட்டுகிறது என்று சீர் சீராகக் காட்டும்.

துண்டுக் கணக்கு இத்தோடு போதும். அதைவிடப் பெரிய விஷயம் தீனி.

இணையத்தைப் பொதுவாக அள்ளிச் சேமிக்கும் 'காமன் கிரால்' தொகுப்பில் ஆங்கிலம் மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல். தமிழ் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுபது லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அளவு குறைவு என்பதைவிட என்னைக் கவலைப்படுத்துவது தரம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011 ஜூனில் சேர்ந்தது. அதன் பிறகு பொருள் விற்கும் தளம், உடல்நலக் குறிப்பு, "டாப் 10" வகைப் பக்கம் என்று ஆங்கிலத்தை அப்படியே எந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ் இணையத்தில் மலைபோலக் குவிந்தது. அந்தத் தமிழை ஏஐ படிக்கிறது. அதே நடையில் எழுதுகிறது. அதை எடுத்து மறுபடி இணையத்தில் போடுகிறார்கள். அடுத்த ஏஐ அதையும் படிக்கும்.

நல்ல தமிழ் இருக்கும் இடமோ எந்திரத்துக்கு எட்டாத இடம். நாளிதழ்களும் பதிப்பகங்களும் கால் நூற்றாண்டாகத் தட்டியதில் பெரும்பங்கு பாமினி, வானவில், டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் "தமிழ்" என்று தெரியும் சொல்லின் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அதில் தமிழே கிடையாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் இல்லையென்றால் சங்க இலக்கியம்கூட எந்திரம் படிக்கும் வடிவில் கிடைத்திருக்காது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் சுமார் இரண்டாயிரம் மின்படிகளாக ஏற்றப்பட்டன. பக்கம் பக்கமாக மனிதர் மெய்ப்புப் பார்த்தால்தான் அவை நம்பத்தக்க பனுவலாகும். ஒருவர் பார்த்தால் பக்கம் மஞ்சள், இரண்டாமவரும் பார்த்தால் பச்சை. பச்சையாகாமல் நிற்கும் பக்கங்கள்தான் மிக அதிகம்.

இதிலிருந்து வரும் தவறுகளுக்குத் தனி முகம் உண்டு. எழுத்துப்பிழை அதிகம் இருக்காது. எலும்பு வேறு மொழியினுடையதாக இருக்கும். தேவையில்லாத இடத்திலெல்லாம் "ஒரு". "இந்த போன் 6 ஜிபி ராமைக் கொண்டுள்ளது" மாதிரி எதற்கும் "கொண்டுள்ளது". எல்லா வினையிலும் "படுகிறது". "பத்து மாடு" என்றால் போதும் என்ற இடத்தில் "பத்து மாடுகள்". முதல் பத்தியில் "நீங்கள்", மூன்றாம் பத்தியில் "நீ". பாட்டியிடம் பேசும் பேரன் "தங்களுக்கு நான் எவ்வாறு உதவ முடியும்" என்பான். யாழ்ப்பாணத்து ஆளைப் பேசச் சொன்னால் நாலு வரி தாண்டுவதற்குள் சென்னைக்கு வந்துவிடுவார்.

அடுத்தது இல்லாததைச் சொல்வது. ஏஐ எங்கேயோ அடுக்கி வைத்த குறளை எடுத்துத் தருவதில்லை. அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்று ஊகித்து எழுதுகிறது. முதல் குறள் பல்லாயிரம் பக்கங்களில் அதன் கண்ணில் பட்டிருக்கும், பிசகாது. அரிதாக மேற்கோள் காட்டப்படும் குறள் என்றால் பாதி உண்மையும் பாதி ஊகமுமாக, ஓசை மட்டும் குறள்போல, ஒன்று வரும். இதைப் பிடிக்கப் புத்தகம் தேவையில்லை. முதலில் சீரை எண்ணுங்கள்: முதலடி நான்கு, இரண்டாமடி மூன்று. பிறகு எண்ணைப் பாருங்கள். அதிகாரத்துக்குப் பத்துக் குறள். 'கல்வி' 40-ஆம் அதிகாரம், ஆகவே அதன் குறள்கள் 391 முதல் 400 வரை. 'நட்பு' 79-ஆம் அதிகாரம், ஆகவே 781 முதல் 790 வரை. கல்வி பற்றிய குறள் 425 என்று சொன்னால் அங்கேயே பொய். பாலையும் பார்க்கலாம்: 380 வரை அறம், 1080 வரை பொருள், மிச்சம் 1330 வரை காமம். இது தேறினாலும் வரியை ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் மேடையில் சொல்ல வேண்டும். புறநானூறு, தேவாரம், பாரதி பெயரில் வரும் வரிகளுக்கு இவ்வளவு வசதியான கணக்கு இல்லை. நேரே மூலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஆங்கிலத்தில் கேட்பதா தமிழில் கேட்பதா?

லாமா-2-ஐ வைத்து 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் மொழிகளில் கேட்டாலும், மாடலின் நடு அடுக்குகளில் (விடை படிப்படியாக உருவாகும் கட்டங்களில் நடுவே உள்ளவற்றில்) விடை ஆங்கிலச் சொல்லாக முதலில் உருவாகி, கடைசி அடுக்குகளில்தான் கேட்ட மொழிக்கு மாறுகிறது என்று அது காட்டியது. தமிழை அதில் சோதிக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம் தின்று வளர்ந்த மாடலுக்குத் தமிழில் மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. இதை வைத்து நான் சொல்லும் வழி: நிரல், மின்னணுக் கருவி, மருந்து, வெளிநாட்டு விசா போன்ற, ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்ட விஷயங்களில் "முதலில் ஆங்கிலத்தில் முழு விடையைத் தயார் செய், பிறகு அதைத் தமிழில் எழுது" என்று ஒரே கேள்வியில் இரண்டு படியாகக் கேளுங்கள். கேள்வி தமிழிலேயே இருக்கலாம். பத்திரப்பதிவு, பட்டா, ஊர் வழக்கம், சமையல், இலக்கணம் போன்றவற்றைத் தமிழிலேயே கேளுங்கள். 'சிட்டா', 'அடங்கல்', 'கூட்டுப் பட்டா' என்பவற்றை ஆங்கிலமாக்கிக் கேட்டால் அது வேறு மாநிலத்து நடைமுறையைக் கொண்டுவந்து கொட்டிவிடும்.

தங்கிலீஷில் கேட்பவர்கள்தான் அதிகம். தவறில்லை, ஏஐ அதை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனால் ல, ள இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. ழ-வுக்கும் பலர் அதையே தட்டுகிறார்கள். பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். வாக்கியத்தில் வேறு துப்பு இருந்தால் தப்பிக்கும், இரண்டு சொல் கேள்வி என்றால் மாட்டிக்கொள்ளும். "பதிலைத் தமிழ் எழுத்தில் தா" என்று கடைசியில் சேர்க்காவிட்டால் பதிலும் தங்கிலீஷில் வரும், படிக்கக் கண் வலிக்கும்.

நடை விஷயத்தில் "நல்ல தமிழில் எழுது", "இயல்பாக எழுது" என்று சொல்வதால் பயன் மிகக் குறைவு. அது உடனே மேடைத் தமிழுக்குத் தாவும். மாதிரி கொடுங்கள். உங்களுக்குப் பிடித்த நடையில் நீங்களே எழுதிய 150 சொல் அளவு பத்தி ஒன்றை ஒட்டி, "இந்த நடையில்" என்று கேட்டால் மாற்றம் கண்கூடாகத் தெரியும். அதோடு ஒரு சிறிய சொற்பட்டியல்: "கணினி வேண்டாம், கம்ப்யூட்டர்", "சிறுநீரகம், கிட்னி என்று எழுதாதே", "ஒரு என்ற சொல்லை எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படுத்து", "படுகிறது வேண்டாம்". பத்துப் பன்னிரண்டு விதி போதும். இருபதைத் தாண்டினால் பாதியை மறந்துவிடும். நீளமாக வேண்டுமென்றாலும் 300, 400 சொல்லாகப் பகுதி பகுதியாகக் கேளுங்கள். ஒரே மூச்சில் இரண்டாயிரம் சொல் கேட்டால் முதல் பக்கம் உங்கள் நடை, கடைசிப் பக்கம் அரசு சுற்றறிக்கை.

ஏஐயிடம் கொடுக்கும் பிடிஎஃப் பற்றி ஒரு எச்சரிக்கை. கொடுக்கும் முன் அதிலிருந்து இரண்டு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யுனிகோட், அப்படியே கொடுக்கலாம். ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள். பெயர் தெரியாவிட்டால் பக்கத்தை 300 டிபிஐ படமாக்கி ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்யுங்கள். தெரிகிற தமிழும் ஒட்டுகிற தமிழும் வேறுவேறாக இருக்கும் பிடிஎஃப்களும் உண்டு. கொம்பெல்லாம் இடம் மாறி, 'கெ' என்பது முன்னால் தனிக்கொம்பும் பின்னால் 'க'-வுமாக வரும். அதற்கும் படமாக்கி ஓசிஆர் செய்வதுதான் வழி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்றால் பழைய றா, னா, லை, ணை போன்ற வடிவங்களில் ஓசிஆர் இடறும். அந்த எழுத்துகளைத் தேடித் தேடிக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

ஒற்று, சந்தி திருத்தும் வேலையை ஏஐயிடம் மட்டும் விடாதீர்கள். ஒரே வரியை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விடை தரும், இரண்டுக்கும் இலக்கண விதி என்று ஏதோ ஒன்றை நம்பிக்கையோடு சொல்லும். விதி அடிப்படையில் ஓடும் 'நாவி' சந்திப்பிழை திருத்தியும் 'வாணி' எழுத்துப்பிழை திருத்தியும் இந்த வேலைக்கு நம்பகமானவை. தெரியாத சொல்லைத் தவறு என்று காட்டுமே தவிர, தெரிந்த மாதிரி நடிக்காது.

மொழிபெயர்ப்பில் நடையைவிட முக்கியமாக இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று எண். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. 2.5 மில்லியன் என்பது 25 லட்சம். இங்கே ஒரு பூஜ்யம் வழுக்கினாலும் வாக்கியம் பார்க்க அழகாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கில மூலத்திலும் தமிழிலும் உள்ள எண்களை மட்டும் தனியாகப் பட்டியல் போடச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே ஒப்பிடுங்கள்.

மற்றது எதிர்மறை. தமிழில் "இல்லை", "கூடாது", "வேண்டாம்" எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கில மூலத்தில் ஒரே வாக்கியத்துக்குள் "கூடாது", "தவிர", "வரை" மூன்றும் கலந்து நிபந்தனையாக நீளும்போது, எந்த 'கூடாது' எந்த வினைக்கு உரியது என்பதில் ஏஐ சறுக்கும். மருந்துத் தாளில் "டாக்டர் சொன்னாலொழிய இதோடு வலி மாத்திரை சாப்பிடக் கூடாது" என்று வர வேண்டியது, "டாக்டர் சொன்னால் சாப்பிடக் கூடாது" என்று திரிந்துவிட்டால் ஆபத்து. இந்த மாதிரித் தாளை மொழிபெயர்க்கும்போது நிபந்தனை வாக்கியங்களை இரண்டாக உடைத்து எழுதச் சொல்லுங்கள்: "இதோடு வலி மாத்திரை சாப்பிடக் கூடாது. டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் சாப்பிடலாம்." பிறகு புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, அந்தத் தமிழை மட்டும் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொல்லி மூலத்தோடு ஒப்பிடுங்கள். அதே உரையாடலில் கேட்டால் அது தமிழைப் பார்க்காமல், மேலே இருக்கும் ஆங்கில மூலத்தைப் பார்த்தே திருப்பித் தந்துவிடும். பிழை இருந்தாலும் தெரியாது.